ஏர்ல் ஸ்க்ரக்ஸின் ரோல் கைக்கு வர

பேஞ்ஜோவை (மேளம் போன்ற முகமும் ஐந்து தந்தியும் உள்ள வாத்தியம்) தொடுவதற்கு முன்னால் வலதுகையை மேசையில் தட்டிப் பழகுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். மறுபடி அதே மூன்று. கடைசியில் கட்டைவிரல், நடுவிரல். வாய் ‘தகிட தகிட தக’ என்று சொல்லட்டும். மொத்தம் எட்டு. கோயிலில் மிருதங்கம் கற்ற எனக்கு பேஞ்ஜோக் கலைஞர் ஸ்க்ரக்ஸின் ரோல், அதாவது மூன்று விரலும் மாறி மாறி மீட்டும் வரிசை, இந்த வழியாகத்தான் பிடிபட்டது.

அப்புறம் தந்திக்கு வாருங்கள். குட்டையான ஐந்தாம் தந்தி மேல் ஜி. நான்கிலிருந்து ஒன்றுவரை டி, ஜி, பி, டி. மீட்டும் தந்தி வரிசை 3-2-1, 5-2-1, 5-1. விரலில் மாட்டிக்கொள்ளும் மீட்டு நகமும் வேண்டும்: கட்டைவிரலுக்குப் பிளாஸ்டிக், மற்ற இரண்டுக்கும் உலோகம். ஒரு வாரத்துக்கு இடதுகையே வேண்டாம்.

ஸ்க்ரக்ஸ் 1924-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்தவர். மூன்று விரலில் வாசிப்பது அவர் ஊர்ப்பக்கம் முன்பே இருந்ததுதான். அதை அறுபடாமல் ஓடும் நீரோட்டமாக்கியது அவர் கை. நூல் மில்லில் வேலை பார்த்தவர், 1945 கடைசியில் மாண்டலின் கலைஞர் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தார். புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைவகை என்றாலே இன்று காதில் விழும் அந்த ஒலி அங்கேதான் உருவானது. அவர் வாசித்து 1949-இல் பதிவான ‘ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்’ கேளுங்கள். வேகத்தில் மயங்காமல், எந்தச் சுரம் தூக்கலாக விழுகிறது என்று கவனியுங்கள். மெட்டு அதில்தான் இருக்கிறது.

பேஞ்ஜோ வாங்கும்போது பிளாஸ்டிக் முகம் உள்ளதையே வாங்குங்கள். நான் முதலில் பழையது ஒன்று வாங்கினேன், தோல் முகம். பினாங்கு நவம்பர் மழையில் தோல் தொய்ந்து, தந்திகளைத் தாங்கும் குதிரை உள்ளே அமுங்கி, தந்தியெல்லாம் கட்டையில் உரசியது. மிருதங்கம் வைத்திருந்தவனுக்கே இது தோன்றாமல் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். வாசித்து முடித்ததும் தந்தியைத் துடையுங்கள், வியர்வையில் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஃபிளாட்டில் இருந்தால் முகத்துக்குப் பின்னால் ஒரு துணியைச் செருகுங்கள், பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கட்டும்.

தாளம் நிற்கிறதா என்று பார்க்க ஸ்க்ரக்ஸும் அவர் அண்ணன் ஹொரேஸும் சிறுவயதில் செய்தது ஒன்று உண்டு. ஒன்றாகத் தொடங்கி, வீட்டை ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றி, மறுபுறம் சந்திக்கும்போது இருவர் வாசிப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் மாடி வராந்தா வட்டமாகச் சுற்றி வரும். அக்கா மகன் கிட்டாரோடு ஒருபக்கம், நான் ஒருபக்கம். “மாமா, முந்திட்டீங்க” என்றே மூன்று மாதம் சொன்னான். போன தீபாவளிக்கு முந்தின இரவு லிஃப்ட் பக்கத்தில் ஒரே தட்டில் சேர்ந்தோம். அதற்குப் பிறகுதான் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 தட்டுக்கு ஏற்றினேன்.