பழங்குடி இளைஞர்களைப் போலீஸ் பிடித்தால்: முதல் நாளில் செய்யக் கூடாதவை

மதுரையை ஒட்டிய பரவை, சமயநல்லூர் பக்கம் காட்டுநாயக்கர்கள் எஸ்.டி. சான்றிதழ் கேட்டுப் பல வருஷமாகப் போராடுகிறார்கள். சாப்டூர், எழுமலை மலையடிவாரத்துப் பளியர்களுக்கு வன உரிமை கிடைப்பதே பெரும்பாடு. இரண்டு இடத்திலும் இப்போது முன்னால் நிற்பது படித்த பிள்ளைகள். அவர்களைப் பிடித்துக்கொண்டு போனதும் உதவிக்கு ஓடி வருகிறவர்களுக்கும் பெரும்பாலும் அதே வயதுதான். நல்ல மனசோடு வருகிறார்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே இடங்களில் சறுக்குகிறார்கள். ஸ்டேஷன் வாசலில் சண்டை போடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாததை மட்டும் பார்ப்போம்.

மண்டபத்தை நம்புவது

மறியல் செய்தவர்களை வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்துச் சாயங்காலம் விட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். அந்த வழக்கத்தை நம்பி எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நாற்பது பேர் முன்வாசல் வழியாக வெளியே வரும்போது, முழக்கம் போட்ட இரண்டு பேரை மட்டும் பின்பக்கமாக ஜீப்பில் ஏற்றியிருப்பார்கள். ராத்திரி அம்மா போன் போட்டு “இன்னும் வீடு வந்து சேரலையேப்பா” என்று கேட்ட பிறகுதான் விஷயமே தெரியவரும்.

வேனில் ஏற்றும்போதே பெயர், அப்பா பெயர், வயது, வண்டி எண், நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். விடும்போது மண்டப வாசலில் அதே தாளை வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபாருங்கள். ஆள் குறைந்தால் அந்த நிமிஷமே மின்னஞ்சல் போக வேண்டும். மாநகர எல்லை என்றால் போலீஸ் கமிஷனருக்கு, கிராமப் பக்கம் என்றால் மாவட்ட எஸ்.பி.க்கு, எதுவானாலும் அந்த எல்லைக்குரிய மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் ஒன்று. முன்பு இதற்காகத் தந்தி அடிப்பார்கள். 2013 ஜூலையோடு தந்தி நின்றுபோனது, அதன் தேவை நிற்கவில்லை. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு. மதியம் பிடித்தவரை மறுநாள் விடிகாலையில்தான் கைது செய்ததாகக் கைது மெமோவில் (போலீஸ் எழுதும் கைதுக் குறிப்பில்) எழுதினால், மறுக்க உங்கள் கையில் இருப்பது அந்த மின்னஞ்சல்தான்.

வெற்றுத்தாளில் கையெழுத்து

போடக் கூடாது. கைது மெமோவில் நேரம் தப்பாக இருந்தால், சரியான நேரத்தைக் கைப்பட எழுதிவிட்டுத்தான் போட வேண்டும்.

சட்டையைத் துவைப்பது

வீட்டிலிருந்து மாற்றுத்துணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பழைய சட்டையை வாங்கி வந்து அன்றைக்கே துவைத்துக் காயப்போட்டுவிடுகிறார்கள். அந்த ரத்தக்கறையும் கிழிசலும்தான் சாட்சி. துவைக்காமல் நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட்டு, தேதியும் வாங்கியவர் பெயரும் எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும்.

ரிமாண்டில் பேசாமல் நிற்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும், ஒரு வழக்கையே சாய்த்துவிடுவதும் இதுதான்.

ரிமாண்ட் என்றால், பிடித்தவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்திக் காவலில் வைக்க உத்தரவு வாங்குவது. அப்போது மாஜிஸ்திரேட் கேட்பார்: “போலீஸ் அடிச்சாங்களா? ஏதாவது குறை உண்டா?” பையன் தலையைக் குனிந்துகொண்டு “இல்லீங்கய்யா” என்பான். ஏன் சொல்ல மாட்டான்? அடித்தவர் ரெண்டடி தள்ளி நிற்கிறார். ஜெயிலுக்குக் கூட்டிப்போகப் போவதும் அவர்தான். “சொன்னா உங்க தெருவே உள்ள போகும்” என்று வரும் வழியில் சொல்லிக் கூட்டி வந்திருப்பார்கள். பையன் பேசாததற்குக் காரணம் உண்டு. ஆனால் பக்கத்தில் நிற்கும் வக்கீலும் தோழர்களும் “இதையெல்லாம் ஜாமீன் மனுவில் போட்டுக்கலாம்” என்று சும்மா இருப்பதற்கு எந்தக் காரணமும் கிடையாது.

அந்த ஒரு நிமிஷத்தில் ரிமாண்ட் உத்தரவில் “குறை ஏதும் கூறவில்லை” என்று ஏறிவிடும். பத்து நாள் கழித்து மனுவில் காயத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதினாலும், அரசு வக்கீல் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். கை முறிந்திருந்தால் “பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்” என்ற கதை தயாராக இருக்கும்.

2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும், உடல்நிலை சரி என்ற மருத்துவச் சான்றோடுதான் ரிமாண்ட் செய்யப்பட்டார்கள். கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன சில நாளில் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து அந்த வழக்கைக் கையில் எடுத்தது. சான்று இருக்கிறது, உத்தரவு இருக்கிறது என்பதை நம்பி யாரும் அமைதியாக இருக்கக் கூடாது.

செய்ய வேண்டியது இது. ரிமாண்ட் எங்கே, எத்தனை மணிக்கு என்று கோர்ட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு வக்கீல் முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். விடுமுறை நாளிலும் ராத்திரியிலும் மாஜிஸ்திரேட் வீட்டில் நடக்கும், அங்கேயும் போக வேண்டும். சொந்த வக்கீல் இல்லையென்றால் 15100க்குப் போன் செய்து இலவசச் சட்ட உதவி கேளுங்கள். போலீசாரை வெளியே அனுப்பிவிட்டு விசாரிக்கும்படி மாஜிஸ்திரேட்டிடம் கோர வேண்டும். வாயால் சொல்லத் தயங்குகிற பையன் சட்டையைக் கழற்றிக் காட்டினால் போதும். முதுகு, தொடையின் பின்பக்கம், உள்ளங்கால் மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். உள்ளங்காலில் அடித்தால் வெளியே தடம் தெரியாது, நடக்கச் சொன்னால் தெரிந்துவிடும். எந்த இடத்தில், எதனால், எத்தனை மணிக்கு என்று ஒரு பக்க மெமோ எழுதிக் கோர்ட்டில் கொடுத்து, நகலில் சீல் வாங்க வேண்டும். மெமோவை வாங்க மறுத்தால், மறுத்த நேரத்தைக் குறித்து அன்றைக்கே மாவட்ட முதன்மை நீதிபதிக்கு அனுப்ப வேண்டும்.

மருத்துவப் பரிசோதனையையும் சும்மா விடக் கூடாது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் “எப்படி அடிபட்டது?” என்று கேட்கும்போது போலீஸ் பக்கத்தில் நின்றால், “தவறி விழுந்தேன்” என்றுதான் ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலில்) ஏறும். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். பரிசோதனை அறிக்கையின் நகல் கைதானவருக்கோ, அவர் குறிப்பிடும் ஆளுக்கோ தரப்பட வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 53ஆவது பிரிவு. அந்த ஆளின் பெயரை டாக்டரிடமே சொல்லிவிடுங்கள். காயத்தின் நீளம், அகலம், நிறம் மூன்றும் எழுதப்பட வேண்டும். கன்றிய தடம் முதலில் சிவந்து, பிறகு நீலமாகி, நாள் போகப் போகப் பச்சையும் மஞ்சளுமாக மாறும். நிறம் எழுதியிருந்தால் எப்போது பட்ட அடி என்று பிறகு வாதாட முடியும். அடி பட்ட அன்று தெரியாத தடம் மறுநாள் தெரியும், அதனால் அரசரடி மத்திய சிறையில் சேர்க்கும்போது நடக்கும் பரிசோதனையிலும் திரும்பக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டேஷன் கேமரா பதிவைப் பத்திரப்படுத்தக் கோரும் மனுவையும் அந்த வாரமே போட்டுவிடுங்கள். 18 மாதம், அதற்கு வழியில்லையென்றால் குறைந்தது ஒரு வருஷம் பதிவை வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேட்காவிட்டால் “கேமரா பழுது” என்ற பதில்தான் வரும்.

அதே ரிமாண்டில் இன்னொன்றும் கேட்க வேண்டும். மறியல் வழக்கில் போடும் பிரிவுகளில் பெரும்பாலானவை ஏழு வருஷத்துக்கு உட்பட்ட தண்டனை உடையவை. அப்படியானால் பி.என்.எஸ்.எஸ். 35(3)இன்படி விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் கொடுத்திருந்தாலே போதுமே, கைது ஏன்? காரணத்தைத் தமிழில் எழுத்தாகக் கொடுத்தார்களா?

வயதைக் கூட்டிச் சொல்வது

“பதினெட்டு ஆயிருச்சு” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, பதினேழு வயதுப் பிள்ளை பெரியவர்களோடு ஜெயிலுக்குப் போய்விடுகிறான். பதினெட்டு நிறையாதவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். பிறப்புச் சான்று இல்லாத குடும்பங்கள் ஏராளம், அதற்காகக் கலங்க வேண்டாம். பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியைத்தான் சட்டம் முதலில் பார்க்கச் சொல்கிறது. தலைமையாசிரியரை அன்று ராத்திரியே போய்ப் பாருங்கள்.

வழக்கில் சிக்கிய சிறுவர்கள் முகத்தை வாட்ஸ்அப்பில் போடுவது

குற்றம். நீக்குங்கள்.

சான்றிதழ் இல்லையென்று வன்கொடுமைப் புகாரைக் கைவிடுவது

சான்றிதழ் கேட்டுப் போராடியவர்களிடமே “சான்றிதழ் எங்கே?” என்று கேட்டு ஸ்டேஷனில் திருப்பி அனுப்புகிறார்கள், இவர்களும் திரும்பி வந்துவிடுகிறார்கள். பழங்குடியினர் மீது பொய் வழக்குப் போடுவதே வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அப்பா, சித்தப்பா, அண்ணன் யாருக்காவது கோட்டாட்சியர் கொடுத்த சான்று இருந்தால் அதன் நகலோடு புகாரைக் கொடுங்கள். புகாரிலேயே சமூகத்தின் பெயரை எழுதுங்கள். முதல் புகாரில் விட்டதைப் பிறகு சேர்த்தால் ஜோடித்தது என்பார்கள்.

ஜாமீன் கிடைத்ததும் ஓய்ந்துவிடுவது

உத்தரவு வந்தும் பிள்ளைகள் உள்ளேயே கிடப்பது ஜாமீன்தாரர் கிடைக்காததால்தான். பட்டாவே இல்லாத தெருவில் சொத்துள்ள இரண்டு பேரை எங்கே தேடுவது? உத்தரவு வந்து ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் ஆகியும் முடியாவிட்டால் கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் குறிப்பிட்டு நிபந்தனையை மாற்றக் கோரும் மனு போடுங்கள்.

ஜாமீனே கிடைக்கவில்லையென்றால், ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ணிக்கொண்டே வாருங்கள். பிரிவைப் பொறுத்து 60 அல்லது 90 நாள் முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால், அடுத்த நாள் காலை கோர்ட் திறந்ததும், அதையே காரணமாகக் காட்டி ஜாமீன் கேட்கும் மனு உள்ளே போயிருக்க வேண்டும். மத்தியானம் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அதன் பிறகு போடும் மனுவுக்குப் பலன் இல்லை.