ஒழுங்கைக்குள் ஒரு சீட்டு

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் நான்தான் சீட்டுப் பிடிக்கிறேன். வீட்டில் தையல் வேலை. சட்டை அளவு கொடுக்க வருபவர்கள் கஷ்டத்தையும் சொல்லிவிட்டுப் போவார்கள். புதிதாகச் சீட்டுத் தொடங்குபவர்களுக்கு நான் பட்டுத் தெளிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், நீட்டாதீர்கள். 2022 ஜனவரியில் பத்துப் பேர், மாதம் 5,000 ரூபாய் என்று தொடங்கினேன். கடைசிச் சீட்டை நானே வைத்துக்கொண்டேன். 50,000 வந்ததும் தையல் மெசின் மாற்றுகிற எண்ணம். மார்ச்சில் ரூபாய் சரிந்தது. 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்துக்குக் கிட்ட. ஒக்டோபரில் காசோடு கடைக்குப் போனால் அதே மெசின் 85,000! முதல் மாதம் எடுத்த அக்கா எப்போதோ தண்ணி மோட்டர் வாங்கிப் பூட்டிவிட்டார். இப்போது விலை அந்த வேகத்தில் ஏறுவதில்லைதான். என்றாலும் பன்னிரண்டு பேர், கிழமைக்கு 1,000, பன்னிரண்டு கிழமை. அதற்கு மேல் நான் பிடிப்பதில்லை. நாட்கூலி வீடுகளுக்கும் இதுதான் தோது. சனிக்கிழமை பின்னேரமே போய் வாங்கிவிடுங்கள், ஞாயிறு இறைச்சிக்கடைக்குப் போய்விடும்.

கழிவு கூறி எடுக்கும் சீட்டு, அதாவது ஆகக் கூடக் கழித்துக் கேட்பவருக்கே காசு போகும் சீட்டு, வேண்டாம். அந்தரப்படுகிறவர்தான் கூடக் கழித்துக் கூறுவார். இலக்கம் எழுதிப் பால்மா ரின்னுக்குள் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாலு இலக்கம் கிடையாது.

அப்புறம், இலக்கம் மாற்ற இடம் விடுங்கள். 2023 பெப்ரவரியில் மின்கட்டணம் ஏறியது. 2024 ஜனவரியில் வற் எனும் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாகி, காஸ் சிலிண்டரையும் பிடித்தது. மாற்றக் கேட்டு வருபவர் கையில் பெரும்பாலும் கறண்ட் வெட்டப்போவதாகச் சொல்லும் சிவப்புக் கறண்ட் பில் இருக்கும். நான் முந்திய இலக்கக்காரரிடம் போய், "அக்கா, உங்கட நம்பரை ஒராளுக்கு மாத்தித் தருவியளோ?" என்று மட்டும் கேட்பேன். ஆர், எதுக்கு என்று சொல்வதில்லை.

ஒருவர் ஒரு கிழமை தவறினால், சீட்டு எடுப்பவருக்குக் குறைத்துக் கொடுக்காதீர்கள். பிடிப்பவர்தான் போட வேண்டும். அதனால் இப்போது முதற்சீட்டு எனக்கு. அதில் 2,000 ரூபாயைப் பொத்தான் டப்பாவுக்குள் வைத்துவிடுவேன். பன்னிரண்டாம் கிழமை வரை தொடுவதில்லை.