கலப்பு ஈனி அணைவின் படிக அமைப்பை அறியும் முறை

உலோக அயனியோடு பிணையும் மூலக்கூறு அல்லது அயனி ஈனி எனப்படும்; ஒன்றுக்கு மேற்பட்ட வகை ஈனிகள் பிணைந்த சேர்மமே கலப்பு ஈனி அணைவு. எடுத்துக்காட்டாக, காப்பர் +2 அயனியோடு 1,10-ஃபீனாந்த்ரோலினும் கிளைசீனும் பிணைந்த அணைவை எடுத்துக்கொள்வோம். காப்பர் நைட்ரேட், ஃபீனாந்த்ரோலின், சோடியம் ஹைட்ராக்சைடால் புரோட்டான் நீக்கப்பட்ட கிளைசீன் ஆகியவற்றை 1:1:1 என்ற மோல் விகிதத்தில் நீர்-மெத்தனால் கலவையில் சேர்த்து, வடிகட்டி, துளையிட்ட தாளால் மூடி, அசைக்காமல் வைக்க வேண்டும். பெர்குளோரேட் உப்பில் படிகம் நன்றாக வளரலாம். ஆனால் அது வெடிக்கக்கூடியது என்பதால் நைட்ரேட்டே என் தேர்வு.

சுமார் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் அளவுள்ள, விரிசலற்ற படிகத்தை முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் திருப்பிப் பார்க்கவும். படிகம் முழுவதும் ஒரே நேரத்தில் இருள வேண்டும். பகுதி பகுதியாக இருண்டால் அது இரட்டைப் படிகமாக இருக்கக்கூடும். தேர்ந்த படிகத்தை எண்ணெயில் தோய்த்து, 100 கெல்வின் அளவுக்குக் குளிர்வித்து, மாலிப்டினம் எக்ஸ் கதிரில் (0.71073 ஆங்ஸ்ட்ராம்) தரவு திரட்டலாம்.

அமைப்பைத் தீர்ப்பதற்கு மென்பொருள் உண்டு. அணுக்களுக்குப் பெயரிடுவதில்தான் கவனம் தேவை. நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் ஓர் எலக்ட்ரானே வேறுபாடு என்பதால், நைட்ரஜனை ஆக்சிஜன் எனத் தவறாகக் குறித்தால் அதன் அதிர்வு நீள்வட்டம் (அணு அதிரும் பரப்பைக் காட்டும் வடிவம்) இயல்புக்கு மாறாகப் பெரிதாகும். ஐந்து ஈனி அணுக்கள் சூழ்ந்த காப்பரின் வடிவத்தை, 1984இல் ஆடிசன் குழுவினர் வகுத்த டௌ எண் சொல்லும்: மிகப் பெரிய இரு பிணைப்புக் கோணங்களின் வேறுபாட்டை 60ஆல் வகுத்தால், 0 எனில் சதுரப் பிரமிடு, 1 எனில் முக்கோண இருபிரமிடு. அடித்தளப் பிணைப்புகள் ஏறத்தாழ 2.0 ஆங்ஸ்ட்ராமும் பிரமிடின் உச்சியில் ஐந்தாவதாகப் பிணைந்த நீரின் பிணைப்பு 2.2க்கு மேலும் இருந்தால், அது யான்-டெல்லர் விளைவே (காப்பர் +2 அயனியின் எலக்ட்ரான் அமைப்பால் பிணைப்பு நீளுதல்). பிழையென எண்ணித் திருத்தக் கூடாது. ஃபீனாந்த்ரோலின் வளையங்கள் ஏறத்தாழ 3.4 முதல் 3.6 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் அடுக்கப்பட்டுள்ளனவா என்பதையும் பார்க்கவும்.

ஆர் மதிப்பு (கணித்த அமைப்புக்கும் அளந்த தரவுக்கும் உள்ள வேறுபாட்டின் அளவு) 5 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கலப்பு ஈனி அணைவில் அது போதாது. கரைசலில் ஈனிகள் இடம் மாறி, இரண்டு ஃபீனாந்த்ரோலினோ இரண்டு கிளைசீனோ கொண்ட அணைவுகளும் உண்டாகலாம். அவற்றுள் எது கரைதிறன் குறைந்ததோ அதுவே முதலில் படிகமாகும். எனவே ஒற்றைப் படிக அமைப்பிலிருந்து கணித்த தூள் விளிம்பு விளைவுக் கோலத்தை (தூளில் எக்ஸ் கதிர் சிதறி உண்டாகும் உச்சிகளின் வரைபடத்தை), அதே குடுவையில் கிடைத்த முழுத் தூளின் கோலத்தோடு ஒப்பிட்டு, வெப்பநிலை வேறுபாட்டால் உச்சிகள் சற்று நகர்வதை மட்டும் பொறுத்துக்கொண்டு, கூடுதல் உச்சிகள் தென்பட்டால் அந்தத் தூளை மீண்டும் தூய்மைப்படுத்த வேண்டும்.