பழைய படத்தில் நிற்கும் சிறு விமானத்தை இனங்காணும் முறை

யாழ்ப்பாணத்து வீடுகளில் பழைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்தால், கலியாணப் படங்களுக்கும் சாமத்திய வீட்டுப் படங்களுக்கும் இடையில் ஒரு விமானப் படம் கிடப்பது அரிதன்று. வேட்டி சால்வையோடு ஒருவர் இறக்கைக்குக் கீழே நிமிர்ந்து நிற்பார். பின்புறத்தில் பென்சிலால் ஒரு பெயரோ, அதுவுமின்றி வெறும் "பிளேன்" என்ற சொல்லோ இருக்கும். 1995 ஒக்டோபர் இறுதியில், உள்நாட்டுப் போரினால், யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியை விட்டு வெளியேறியபோது அல்பங்களைச் சுமந்து செல்ல முடிந்த குடும்பங்கள் சில. முடியாமற் போனவை பல. ஆகவே எஞ்சியிருக்கும் ஒவ்வொரு படத்தையும் முறையாக வாசித்துக் குறித்து வைப்பது, அந்தப் படத்தில் நிற்பவரை அறிந்தவர்கள் இன்னமும் நம்மோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை.

முதலில் படத்தைக் கையாளும் முறை. கறுப்புத் தாள் அல்பத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் பிய்த்தெடுக்காதீர்கள். மூலைத்தாள்களில் செருகியிருந்தால் மட்டும் மெல்ல உருவி எடுத்துப் பின்புறத்தையும் பாருங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் இரு புறத்தையும் ஸ்கேன் செய்வது நல்லது. ஸ்கேனர் இல்லாதவர்கள் விறாந்தையின் நிழல் வெளிச்சத்தில், ஒளி மேலே பட்டுத் தெறிக்காதபடி, கைபேசியால் நேர்மேலிருந்து எடுக்கலாம். பென்சில் எழுத்து மங்கியிருந்தால், மாலையில் யன்னலோரம் படத்தைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். கரி அழிந்தாலும் பென்சில் அழுத்திய பள்ளம் அழிவதில்லை. பின்புறத்தில் புதிதாக ஏதும் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலைத் தவிர வேறொன்றையும் பயன்படுத்தாதீர்கள். குமிழ்முனைப் பேனாவின் மை காலப்போக்கில் முன்புறம் வரை ஊறிவிடும்.

இனி விமானம். பூதக்கண்ணாடியை எடுத்ததும் எழுத்துகளைத் தேடத் தொடங்குவது பலரது பழக்கம். நான் அதைக் கடைசிக்கு முந்திய படியாகவே வைத்திருக்கிறேன், ஏனெனில் அரைகுறையாகத் தெரியும் ஓரெழுத்து மனத்தை ஒரு பக்கம் இழுத்துவிட்டால், பிறகு உருவத்தை நேர்மையாகப் பார்க்க முடியாமற் போய்விடும். உருவத்திலிருந்தே தொடங்குங்கள். இறக்கை ஒன்றா, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டா? ஒன்றாயின் அது உடலின் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? எஞ்சின் எத்தனை? மூன்றாவது சில்லு வாலின் கீழே இருக்கிறதா, மூக்கின் கீழே இருக்கிறதா? அமர்பவரின் தலை திறந்த வெளியில் இருக்கிறதா, கண்ணாடிக் கூரைக்குள் இருக்கிறதா? இந்த ஐந்து கேள்விகளே பெரும்பாலான ஐயங்களைத் தீர்த்துவிடும். விமானத்தின் முழு உருவமும் படத்தில் விழாதபோது தரையில் விழும் நிழலைப் பாருங்கள். உச்சிவெயிலில் எடுத்த படமாயின் இறக்கையின் வடிவம் நிழலில் வரைபடம் போலத் தெளிவாகக் கிடக்கும்.

நமது பெரியவர்கள் "இரட்டைச் செட்டைப் பிளேன்" என்று சொல்லும் விமானங்களே இனங்காண்பதற்கு மிகவும் சுவையானவை. பிரித்தானியாவின் டி ஹவிலண்ட் நிறுவனம் கட்டிய மொத் (Moth) என்ற சிறு விமான வரிசை, அக்காலப் பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளின் பறத்தற் கழகங்கள் எங்கும் பரவியிருந்தது. அந்த வரிசையின் முதல் விமானம் 1925 பெப்ரவரியில் பறந்தது. அதன் எஞ்சின் நிமிர்ந்து நின்றது. ஆகவே மூக்கின் மேற்புறத்தில் சிலிண்டர் தலைகள் துருத்திக்கொண்டு நிற்பதைப் படத்தில் காணலாம். 1928இல் வந்த ஜிப்சி மொத்திலும் அப்படியே. 1931 ஒக்டோபரில் முதலிற் பறந்த டைகர் மொத்தில் எஞ்சின் தலைகீழாகப் பொருத்தப்பட்டது. சிலிண்டர்கள் கீழ்நோக்கிப் போனதால், அதன் மூக்கின் மேல்விளிம்பு விமானியின் முன்கண்ணாடியிலிருந்து வழுவழுப்பாக முன்னோக்கிச் சரிந்து இறங்குகிறது.

ஆனால் மூக்கை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மொத் மேஜர் என்ற இடைக்கால வகையிலும் எஞ்சின் தலைகீழாகவே இருந்தது. இங்கேதான் இறக்கை கைகொடுக்கிறது. பழைய மொத்தின் இறக்கைகள் உடலுக்குச் செங்குத்தாக, நேர்கோடாக நீண்டிருக்கும். டைகர் மொத்தை வடிவமைத்தவர்கள், முன்னிருக்கையில் இருப்பவர் வான்குடையைக் கட்டிக்கொண்டு இலகுவாக வெளியேற வேண்டும் என்பதற்காக மேலிறக்கையின் நடுப்பகுதியை முன்னே நகர்த்தினார்கள். அதனால் குலைந்த சமநிலையை ஈடுசெய்ய இறக்கைகளின் நுனிகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். ஆகவே மேலிறக்கை கீழிறக்கையை விட முன்னே நிற்க, இரண்டும் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் அது டைகர் மொத் என்று துணிந்து எழுதலாம்.

எங்கள் குடும்பத்தில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பிய அப்பப்பாவின் படமொன்றில், அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓர் இரட்டை இறக்கை விமானத்தருகே நிற்கிறார். வீட்டில் எல்லோரும் அது பலாலியில் எடுத்த படம் என்றே சொல்லி வந்தார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, அவரது தோளுக்குப் பின்னால், மூக்கின் மேலே, நான்கு சிலிண்டர் தலைகள் வரிசையாக நிற்பது தெரிந்தது. இறக்கைகள் நேராக இருந்தன. கீழிறக்கையின் அடியில், நிழலுக்குள் பாதி மறைந்து, "வீ.ஆர்." என்ற இரண்டு எழுத்துகள் கிடந்தன. பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைக்கப்பட்டது. படத்தில் நிற்பதோ அதற்கு முந்திய தலைமுறை விமானம், தாங்கியிருப்பதோ மலாயாப் பக்கத்துப் பதிவெழுத்து. படம் கடல் கடந்து வந்தது என்பதை அப்போதுதான் அறிந்தோம். ஊர் நினைவாகப் போற்றி வந்த படம் அவரது உத்தியோக காலத்து நினைவாக மாறியதில் எனக்குச் சிறு வருத்தமும் பெரிய மகிழ்ச்சியும் ஏற்பட்டன.

உடலின் மேலே ஒற்றை இறக்கையும் மூடிய அறையும் வாற்சில்லும் கொண்டு, டைகர் மொத்தைப் போன்ற சரிந்த மூக்கோடு நிற்பது பஸ் மொத் (Puss Moth) ஆகலாம். அதன் இறக்கை வேர் முதல் நுனிக்குக் கிட்டவரை ஒரே அகலமாகப் போய் முனையில் வளைந்து முடியும். அதன் பின்னவரான லெப்பர்ட் மொத்தின் இறக்கை நுனியை நோக்கி ஒடுங்கும். இலங்கை, இந்தியப் படங்களில் பஸ் மொத்துக்குத் தனியிடம் உண்டு. ஜே. ஆர். டி. டாட்டா 1932 ஒக்டோபர் 15ஆம் திகதி கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு பறந்ததும், மதராஸ் பறத்தற் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டிண்டேல் பிஸ்கோ 1935 நவம்பர் 27ஆம் திகதி கொழும்புக்கு அண்மையிலுள்ள இரத்மலானை விமானத்தளத்தில் முதலாவதாக வந்திறங்கியதும் இந்த வகையிலேதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய மேலிறக்கைச் சிறு விமானங்களை விரைவாகவே பிரித்துவிடலாம். இருவர் ஒருவர் பின் ஒருவராக இருந்தால் பைப்பர் கப் வகையை நினையுங்கள். பக்கம் பக்கமாக இருந்து வாற்சில்லும் இருந்தால் ஓஸ்டர். மூக்குச்சில்லோடு உலோக உடல் பளபளத்தால் செஸ்னா. செஸ்னா 150இன் செங்குத்து வால் 1966 மாதிரி முதல் பின்னோக்கிச் சாய்ந்தது, ஆகவே நிமிர்ந்த வாலைக் கண்டால் அதற்கு முந்திய மாதிரி என்று கொள்ளலாம். ஒற்றை இறக்கை கீழே இருந்து, நீண்ட கண்ணாடிக் கூரைக்குள் இரண்டு இருக்கைகள் முன்பின்னாக அமைந்து, சில்லுகளைத் தாங்கும் கால்கள் மடங்காமல் நின்றால் அது பெரும்பாலும் சிப்மங்க். 1946இல் கனடாவில் முதலிற் பறந்த இந்தப் பயிற்சி விமானமே, 1951 மார்ச்சில் தொடங்கிய றோயல் இலங்கை வான்படையின் முதல் விமான வகையாகவும் அமைந்தது.

நமது அல்பங்களில் மிகுதியாகக் காணப்படுவது சிறு விமானமே அன்று. டக்கோட்டா என்று அழைக்கப்பட்ட டீ.சீ. 3 விமானம் அது. எயர் சிலோனின் முதற் பறப்பு 1947 டிசெம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்குச் சென்றதும் டக்கோட்டாவிலேதான். இரண்டு எஞ்சின், கீழிறக்கை, வால் தாழ்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும் நிலை ஆகியவற்றால் அதை உடனே இனங்கண்டு வேறாக வையுங்கள். இரண்டு எஞ்சினோடு மூக்குச்சில்லும், பயணிகள் அறைக்கு மேலே புடைத்து நிற்கும் விமானியறையும் இருந்தால் அது டி ஹவிலண்ட் டவ். அதே சாயலில் நான்கு எஞ்சின் இருந்தால் ஹெரோன்.

இப்போது எழுத்துகளுக்கு வரலாம். இலங்கையில் பதிவான குடியியல் விமானங்கள் முதலில் வீ.பி.-சீ. என்றும், சுதந்திரத்தின் பின் சிறிது காலம் சீ.வை. என்றும், 1950களின் நடுப்பகுதியிலிருந்து 4 ஆர் என்றும் தொடங்கும் எழுத்துகளைத் தாங்கின. இந்தியாவுக்கு வீ.டீ., பிரித்தானியாவுக்கு ஜீ., போருக்கு முந்திய மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வீ.ஆர். ஆகவே கிழிந்த படத்தின் ஓரத்தில் முதலிரண்டு எழுத்துகள் மட்டும் எஞ்சியிருந்தாலும் நாடும் காலமும் ஓரளவு கைக்கு வந்துவிடும். எழுத்துகள் இடம் வலமாக மாறித் தெரிந்தால், நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது ஆண்களின் சட்டைப் பொத்தான்களும் மாறிய பக்கத்தில் இருக்கும்.

நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய பிலிம்கள் பல சிவப்பொளியை உணராதவை. நீலம் அவற்றில் வெளிறியும் சிவப்பு கறுத்தும் விழும். கொடாக்கின் பெயர்பெற்ற வெரிக்குரோம் பிலிம்கூட 1956 வரை இவ்வகையே. பின்னணியில் கோயில் மதில் இருந்து அதன் காவிப் பட்டைகள் கன்னங்கரேலென்று தெரிந்தால், விமானத்தின் கருமையான உடலும் சிவப்பாக இருந்திருக்கலாம் என்று எண்ணுங்கள். பிரித்தானிய வான்படையின் வட்டச் சின்னத்தை வாசிக்கும்போதும் இது முக்கியம். யப்பானிய விமானத்தின் செஞ்சூரியனோடு மயங்கிச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, 1942 முதல் நமது பிராந்தியத்தில் அச்சின்னத்தின் நடுச் சிவப்பை நீக்கிவிட்டார்கள். ஆகவே நடுவில் கரும்பொட்டு இல்லாத, வெளிறிய சின்னம் போர்க்காலத்தின் பிற்பகுதியைக் காட்டும்.

பெரியவர்களிடம் கேட்பதே இந்த வேலையின் உயிரான பகுதி, அவசரத்தால் நாம் கெடுத்துவிடும் பகுதியும் அதுவே. படத்தை நீட்டி "இது என்ன பிளேன், அம்மம்மா?" என்று கேட்டால், தெரியாது என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். "ஆரோடை போனனீங்கள்? சைக்கிளிலையோ, காரிலையோ? பிளேன் கிளம்பேக்கை என்ன சத்தம் கேட்டது?" என்று கேளுங்கள். ஆண்டைக் கேட்காமல், கலியாணத்துக்கு முந்தியா, 1964 புயலுக்கு முந்தியா, மாவிட்டபுரத்துத் தேர் நடந்த மாதமா என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை இடையில் திருத்தாதீர்கள்.

ஏன் திருத்தக் கூடாது என்பதை ஒரு படமே எனக்கு உணர்த்தியது. கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த பெரியப்பாவின் படமொன்றின் பின்னால் "ஸ்பிட்ஃபயர்" என்று எழுதியிருந்தது. முன்னால் நின்றதோ அதுவன்று: விமானியறை இருவர் பக்கம் பக்கமாக இருக்கும் அளவுக்கு அகன்றிருந்தது. அது 1950களில் றோயல் இலங்கை வான்படையிடம் இருந்த போல்டன் போல் பலியோல் என்ற பயிற்சி விமானம். தவறு என்று நான் சொல்ல வாயெடுக்கையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, "சண்டைக் காலத்திலை சின்னப் பெடியனாக் கேட்ட அதே சத்தமடா, தம்பி" என்றார். பலியோலின் எஞ்சின் ரோல்ஸ் றொய்ஸ் மேர்லின். போர்க்கால ஸ்பிட்ஃபயர்கள் பலவற்றை இயக்கியதும் அதே மேர்லின்தான். அவர் எழுதிய பெயர் பிழை, அவர் காது கேட்டது சரி.

அதனால் குறிப்பு எழுதும்போது மூன்றையும் வேறு வேறாக எழுதி வைக்கிறேன்: பின்புறத்தில் இருந்த வாசகம் அப்படியே, விமானத்தைப் பற்றி நான் கண்டதும் அதற்கான காரணமும், பெரியவர் சொன்னது அவரது சொற்களிலேயே. பெரியப்பாவின் படத்துக்கான உறையில் இப்போது இப்படி இருக்கிறது: "பின்னெழுத்து: ஸ்பிட்ஃபயர். உருவம்: பலியோல், அகன்ற விமானியறை, கீழிறக்கை, ஒற்றை எஞ்சின். பெரியப்பா சொன்னது: சண்டைக் காலத்துச் சத்தம். இடமிருந்து இரண்டாவதாக நிற்பவர் அவர். வலது ஓரத்தில் குடையோடு நிற்பவரின் பெயரை மாமியிடம் கேட்க வேண்டும்."