வார்டுல ஒரு குழந்தைக்கு ஃப்ரெண்டா போகப் போறீங்களா?

ஆஸ்பத்திரில ரொம்ப நாளா கெடக்கற குழந்தையால யாரையும் வேண்டாம்னு சொல்ல முடியாது. ரத்தம் எடுக்க ஒருத்தர் வருவாங்க, ட்ரிப்ஸ் மாத்த ஒருத்தர், விடியக்காலைல எழுப்பி டெம்பரேச்சர் பாக்க இன்னொருத்தர், பெத்த அம்மாவே மாத்திரைய முழுங்குடான்னு கெஞ்சிக்கிட்டு நிப்பாங்க, இதுல யார்கிட்ட "போ"ன்னு கத்தினாலும் ஒருத்தரும் போக மாட்டாங்க. போன்னா போற ஒரே ஆள், வாலண்டியரா வர்ற நீங்கதான். இது எனக்குப் புரியவே ஆறு மாசம் ஆச்சு. முதல் நாள் ஒரு பையன் போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டான், நான் விடுவேனா, கதை சொல்றேன், பொம்மைய ஆட்டுறேன்னு அரை மணி நேரம் தலைமாட்டுலயே நின்னு படுத்தி எடுத்துட்டு வந்தேன், சாதிச்சுட்டோம்னு நெனப்பு வேற.

சேர்றதுக்கு முன்னாடி உங்க காலண்டரப் பாருங்க. குழந்தைங்களுக்கு அதிகமா வர்ற ரத்தப் புற்றுநோய் வகைக்கு ட்ரீட்மெண்ட் 2லேருந்து 3 வருஷம் ஓடும். டயாலிசிஸ்ல இருக்கற குழந்தை பெரும்பாலும் வாரம் 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம் போல மெஷின் பக்கத்துலயே உக்காரணும். கடுமையான தலசீமியான்னா, அதாவது ரத்தம் சரியா ஊறாத பிறவி நோய்னா, 2லேருந்து 4 வாரத்துக்கு ஒரு தடவ ரத்தம் ஏத்தணும், அது வருஷக்கணக்கா போகும். அதனால ஒரே குழந்தையோட ஃப்ரெண்டா இருக்கணும்னா ஒரு வருஷமாவது வர முடியுமான்னு உங்களையே கேட்டுக்கோங்க, முடியாதுன்னா பரவால்ல, விளையாட்டு ரூம்ல எல்லாருக்கும் பொதுவா வேலை பாருங்க, அதுவும் நல்ல வேலைதான். நாலு வாரம் வந்து ஒட்டிக்கிட்டு அஞ்சாவது வாரம் காணாம போறதுதான் மோசம்.

கிருமி விஷயம் கொஞ்சம் போரடிக்கும், ஆனா இதுல மட்டும் சமாதானமே கெடையாது. கீமோ போட்டா பொதுவா 7லேருந்து 14 நாளைக்குள்ள வெள்ளை அணு ரொம்பக் கீழ போகும், வார்டுல "கவுண்ட் டவுன்"னு, அதாவது எண்ணிக்கை கொறஞ்சிருக்குன்னு சொல்வாங்க, அதுல நியூட்ரோஃபில்னு ஒரு வகை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 500க்குக் கீழ இருந்தா சாதாரணக் காய்ச்சல் கூட எமர்ஜென்சி. உங்களுக்கு லேசா தொண்டை கரகரன்னாலும் போகாதீங்க, மாஸ்க் போட்டுட்டுப் போறேனேன்னு பேரம் பேசாதீங்க. சின்னம்மை வந்தவங்க கொப்புளம் தெரியறதுக்கு 1, 2 நாள் முன்னாடியே பரப்ப ஆரம்பிச்சுடுவாங்க, ஒட்டிக்கிட்டது வெளிய தெரிய 21 நாள் வரைக்கும் ஆகலாம், அதனால உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ யாருக்காவது வந்திருந்தா உங்கள அனுப்பற கோஆர்டினேட்டர்கிட்ட சொல்லிட்டு அவங்க வரச் சொல்ற வரைக்கும் வீட்டுலயே இருங்க. சின்னம்மை, தட்டம்மை தடுப்பூசி போட்டாச்சான்னு பாத்துக்கோங்க, ஃப்ளூ ஊசி வருஷா வருஷம்.

உள்ள போகும்போதும் வரும்போதும் 20 செகண்டாவது சோப்பு போட்டுக் கை கழுவுங்க. சானிடைசர் தேச்சா போதும்னு நெனைக்காதீங்க, வார்டுல வயித்துப்போக்கு பரப்பற ஒரு கிருமி அதுக்கு அசையவே அசையாது. பூ, தொட்டிச் செடி, பழைய பஞ்சு பொம்மை, ரப்பர் பலூன் எதுவும் கொண்டு போகாதீங்க, சாப்பாடு கேக்காம வேண்டவே வேண்டாம். தொடச்சு வைக்கற மாதிரி பிளாஸ்டிக் சாமான், புதுசா பிரிச்ச சீட்டுக்கட்டு, கலர் பென்சில் போதும். கட்டில்ல உக்காராதீங்க. ட்ரிப்ஸ் ஏத்தற பம்ப் பீப் பீப்னு அடிச்சா நர்ஸக் கூப்பிடுங்க, நீங்க எந்த பட்டனையும் தொடாதீங்க.

முதல் தடவை பதினஞ்சு இருபது நிமிஷம் போதும். குழந்தையோட கண்ணு மட்டத்துக்கு சேரைப் போட்டு உக்காந்து, ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டி, "நான் டாக்டர் இல்ல, ஊசி கொண்டு வரல"ன்னு சொல்லுங்க. அப்புறம், "விளையாடலாமா, சும்மா உக்காந்திருக்கட்டுமா, இல்ல போயிட்டு அடுத்த புதன் வரட்டுமா"ன்னு கேளுங்க. போன்னு சொன்னா முகத்தத் தொங்கப் போடாம "சரி, புதன் பாக்கலாம்"னு எந்திரிச்சு வந்துடுங்க, அந்தப் புதன் என்ன ஆனாலும் போய் நில்லுங்க. வர முடியாதுன்னா முன்னாடியே சொல்லி அனுப்புங்க. ரெண்டு மூணு தடவ துரத்திப் பாத்து, போனவர் திரும்பி வர்றாருன்னு தெரிஞ்சதும்தான் சில குழந்தைங்க வாயே திறக்கும்.

சில நாள் கத்தும், சாமானத் தூக்கி எறியும். ஸ்டீராய்டு ஓடற வாரம்னா அடங்காத பசி, கோவம், காரணமே இல்லாம அழுகை, முகம் உப்பல் எல்லாம் வரும், அத உங்க மேல இருக்கற வெறுப்புன்னு எடுத்துக்காதீங்க, மூஞ்சி குண்டாயிடுச்சேன்னு வாயத் திறக்காதீங்க. சில கீமோ மருந்து நரம்பப் பாதிச்சு விரல் மரத்துப் போகும், பொடிசா மணி கோக்கறது, குட்டிக் கட்டை அடுக்கறதெல்லாம் கொடுத்தா முடியாம அவமானமாயிடும், அன்னைக்குத் தடிமனான கிரேயான் கொடுங்க. வாயெல்லாம் புண்ணா இருந்தா பேச வைக்காதீங்க, தலையாட்டியே விளையாடற மாதிரி ஏதாவது யோசிங்க. முடி கொட்டினா, அத அவங்களா பேசினா பேசுங்க.

ஊசி போடும்போது பக்கத்துல இருன்னு கேட்டா இருங்க, ஆனா "வலிக்காது"ன்னு பொய் சொல்லாதீங்க, ஒரே பொய்ல மொத்த நம்பிக்கையும் போயிடும். சோப்புக் குமிழி ஊத வைக்கறது நல்லா வேலை செய்யும், மூச்ச நீளமா விடறதுல உடம்பும் தளரும், கவனமும் மாறும், முன்னாடி நர்ஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. யாராவது வந்து "கொஞ்சம் காலப் புடிச்சுக்கங்க"ன்னா மட்டும் பணிவா மறுத்துடுங்க. அமுக்கிப் புடிக்கறவங்க லிஸ்ட்ல நீங்க சேரக் கூடாது.

ஆறேழு வயசுக் குழந்தைங்க, தான் ஏதோ தப்பு பண்ணினதாலதான் நோய் வந்துச்சுன்னு ரகசியமா நம்பிக்கிட்டு இருக்கலாம், பேச்சு வாக்குல வந்தா "யார் தப்பும் இல்ல"ன்னு தெளிவா சொல்லுங்க. டீன் ஏஜ் பசங்ககிட்ட எதிர்ல உக்காந்து "மனசுல என்ன இருக்கு"ன்னு கேட்டா ஒண்ணும் வராது, பக்கத்துல உக்காந்து மொபைல்ல ஒரு கேம் ஆடுங்க, நடுவுல தானா வரும்.

"நான் செத்துடுவேனா"ன்னு ஒரு நாள் கேக்கலாம். "ச்சீ, அப்படிப் பேசாத"ன்னு வாய அடைக்காதீங்க. 1970கள்ல மைரா புளூபாண்ட்-லாங்னர்னு ஒரு மானுடவியலாளர் ரத்தப் புற்றுநோய் வார்டுல இருந்த 3லேருந்து 9 வயசுக் குழந்தைங்களோட இருந்து பாத்தாங்க, பெரியவங்க மறைச்சாலும் அந்தக் குழந்தைங்களுக்குத் தன் நெலமை தெரிஞ்சிருந்துச்சு, அப்பா அம்மா மனசு நோகக் கூடாதேன்னு தெரியாத மாதிரி நடிச்சிருக்குங்க. அதனால "ஏன் அப்படித் தோணுச்சு"ன்னு திருப்பிக் கேட்டு முழுசாக் கேளுங்க. பொழைக்குமா இல்லையான்னு சொல்றது உங்க வேலை இல்ல, "எனக்கு அது தெரியாது, இத யார்கிட்ட கேக்கலாம், அம்மாவா, டாக்டரா, நர்ஸா?"ன்னு குழந்தையையே முடிவு பண்ண விடுங்க. கோஆர்டினேட்டர் காதுலயும் அன்னைக்கே போடுங்க, அவங்ககிட்ட சொல்லப் போறேன்னு குழந்தைக்கும் சொல்லிடுங்க.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க. யாராவது குழந்தைய அடிக்கறாங்க, தொடக் கூடாத மாதிரி தொடறாங்கன்னு தெரிஞ்சா அன்னைக்கே மேல சொல்லியாகணும். மத்தபடி கேட்டதெல்லாம் வார்டோட இருக்கட்டும், போட்டோ, ஸ்டேட்டஸ், பேர் மறைச்ச போஸ்ட் எதுவும் வேண்டாம். கதவு மூடின ரூம்ல தனியா இருக்காதீங்க.

பெத்தவங்களுக்குக் கை வைத்தியம் சொல்லாதீங்க, காசும் கொடுக்காதீங்க, கோஆர்டினேட்டர்கிட்ட கை காட்டி விடுங்க. நீங்க இருக்கற நேரத்துல அந்த அம்மா போய்க் குளிச்சுட்டு வந்தாலே பெரிய உதவி. கூடப் பொறந்தது ஒண்ணு ஓரமா நின்னா அது பேரையும் கேட்டு ஞாபகம் வெச்சுக்கோங்க, பல மாசமா அதை யாரும் கண்டுக்கவே இல்லாம இருக்கலாம்.

சில குழந்தைங்க செத்துப் போகும். அடுத்த வாரமே இன்னொரு குழந்தைய எடுத்துக்காதீங்க, கொஞ்ச நாள் வீட்டுல இருங்க, கோஆர்டினேட்டர்கிட்ட பேசுங்க, சாவு வீட்டுக்குப் போறதுன்னா குடும்பத்துக்கு சம்மதமான்னு கேட்டுட்டுப் போங்க.

ட்ரீட்மெண்ட் முடிஞ்சோ, இல்ல உங்களால இனி முடியாமலோ நிறுத்தறதா இருந்தா ஒரு மாசம் முன்னாடியே சொல்லி, இன்னும் நாலு தடவ, மூணு தடவன்னு குழந்தை கையாலயே காலண்டர்ல கோடு போட வைங்க. கடைசி நாள் "அடிக்கடி வந்து பாக்கறேன்"னு அள்ளி விடாதீங்க. அன்னைக்கு உங்களப் பாக்கவே புடிக்காம போர்வைய இழுத்து மூடிக்கிட்டாலும், டாட்டா சொல்லிட்டு வந்துடுங்க.