புராஜெக்டுக்குத் தேடும்போது முதலில் இங்கே பாருங்கள்

சேலத்துக் கல்லூரி மாணவர்கள் பலர் கூகுளில் ஒரு வரியைப் போட்டு, முதலில் வரும் பிடிஎஃப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன் சோத்கங்கா (Shodhganga) என்ற இணையதளத்தைத் திறந்து பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம், நம் பெரியார் பல்கலைக்கழகத்தினுடையவையும் அங்கே உண்டு. மேக்னசைட், பாக்சைட், காபி என எதுவானாலும் ஊர்ப்பெயரையும் சேர்த்து ஆங்கிலத்தில் தேடுங்கள். ஒரே மலையை ஷெவராய் என்று ஒருவர் எழுதியிருப்பார், சேர்வராயன் என்று இன்னொருவர் எழுதியிருப்பார், அதனால் எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டால்தான் எல்லாம் சிக்கும். ஆய்வேட்டின் கடைசியில் உள்ள நூற்பட்டியலை மட்டும் விட்டுவிடாதீர்கள், அடுத்து என்ன படிக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

பாடப்புத்தகம் வேண்டுமென்றால் ஓப்பன்ஸ்டாக்ஸ் (OpenStax) இணையதளம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்துவது. இயற்பியல், பொருளாதாரம், புள்ளியியல் எல்லாம் இலவசம்.

ஆனால் இலவசம் என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று அர்த்தம் இல்லை. ஒரு படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பிஒய் (BY) என்றிருந்தால் ஆசிரியர் பெயரைச் சொல்ல வேண்டும், என்சி (NC) இருந்தால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, என்டி (ND) இருந்தால் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடக்கூட அனுமதி கேட்க வேண்டும்.

அப்புறம், ஒரே வாரத்தில் கட்டுரையை வெளியிடுகிறோம், பணம் கட்டுங்கள் என்று மெயில் வந்தால் உடனே கட்டாதீர்கள். அந்த இதழ், இலவசமாகப் படிக்கக்கூடிய ஆய்விதழ்களைத் தரம் பார்த்துச் சேர்க்கும் டிஓஏஜே (DOAJ) பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் கல்லூரி நூலகரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.