லக்சரில் பலூன் ஏறும் முன்: பலரும் செய்யும் தவறுகள்

எகிப்துக்குப் போகிறவர்களில் பலர் லக்சருக்கு இரண்டு இரவுதான் ஒதுக்குகிறார்கள். வெப்பக்காற்றுப் பலூன் பயணத்தைக் கடைசி நாள் விடியலுக்கு வைத்துவிட்டு, அன்று மதியமே ரயிலோ விமானமோ பிடிக்கத் திட்டமிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான். காற்று கொஞ்சம் வேகமெடுத்தாலும் அன்றைக்குப் பலூனை மேலே விடமாட்டார்கள். இருட்டில் எழுந்து, படகில் நைலைக் கடந்து, மேற்குக் கரையில் குளிரில் காத்திருந்துவிட்டு "இன்று இல்லை" என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போனாலும் இன்னொரு விடியல் கையில் இருக்கும்.

ரத்து செய்தால் தயவுசெய்து சண்டை போடாதீர்கள். 2013 பிப்ரவரி 26 அன்று இதே ஊரில் ஒரு பலூன் தரையிறங்கும் நேரத்தில் தீப்பிடித்து, மறுபடி மேலே எழும்பி, விழுந்தது. இருந்த 21 பேரில் 19 பேர் இறந்துபோனார்கள். 2018 ஜனவரியில் பலத்த காற்றில் சிக்கிய இன்னொரு பலூன் விழுந்து ஒரு பயணி இறந்தார். பறக்க வேண்டாம் என்று சொல்கிற பைலட்தான் நல்ல பைலட். அதே காரணத்துக்காக, பத்து டாலர் குறைகிறது என்று தெருவில் கூவி அழைப்பவரிடம் சீட்டு வாங்காதீர்கள். நிறுவனத்தின் உரிமத்தைக் கேளுங்கள். உங்கள் பயணக் காப்பீடு பலூனுக்குச் செல்லுமா என்றும் ஒருமுறை படித்துப் பாருங்கள்; பல பாலிசிகளில் செல்லாது.

இன்னொன்றையும் பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும்: எந்தச் சுற்று? ஒரே காலையில் பலூன்கள் இரண்டு மூன்று சுற்றாகப் போகும். முதல் சுற்றில் ஏறினால்தான் மேலே இருக்கும்போது சூரியன் வரும். "சூரிய உதயப் பயணம்" என்று சீட்டில் அச்சடித்திருந்தால் மட்டும் போதாது.

அடுத்த தவறு, "ஹட்செப்சுட் அரசியின் கோயிலுக்கு மேலே கொண்டு போங்கள்" என்று கேட்பது. பலூனுக்குச் சுக்கான் கிடையாது. ஒவ்வொரு உயரத்திலும் காற்று கொஞ்சம் வேறு திசையில் வீசும். ஏறி இறங்கித் தனக்கு வேண்டிய காற்றைத் தேடிப் பிடிப்பதுதான் பைலட்டின் வேலை. ஒரு நாள் ராமெஸியம், மெதினெத் ஹபு என்ற இரண்டு பழங்கோயில்களுக்கும் மேலாகப் போவீர்கள். இன்னொரு நாள் கரும்புக்கொல்லையும் மொட்டை மாடிகளும்தான் கிடைக்கும். அதற்காக ஏமாந்துவிட்டதாக நினைக்காதீர்கள். மேலிருந்து மட்டுமே தெரிகிற ஒன்று எந்தப் பக்கம் போனாலும் தெரியும். பச்சை வயல் கத்தியால் வெட்டியதுபோல் ஓரிடத்தில் நின்று, அங்கிருந்தே பாலைவனம் தொடங்கிவிடும். நைல் வெள்ளம் எட்டிய எல்லை அது. அரசர்களின் நினைவுக் கோயில்கள் அந்த எல்லையை ஒட்டித்தான் வரிசையாக நிற்கின்றன. மூன்றாம் அமென்ஹோதெப் மட்டும் தன் கோயிலை வெள்ளச் சமவெளிக்குள்ளேயே கட்டினான். வெள்ளமும் நிலநடுக்கமும் சேர்ந்து அதைத் தின்றுவிட்டன. வாசலில் இருந்த இரண்டு பெரிய சிலைகள் இன்னும் வயலோரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. மெம்னோன் சிலைகள் என்பது அவற்றைத்தான்.

சூரியன் எட்டிப் பார்த்ததும் கூடையில் எல்லோரும் கிழக்கே திரும்பி போனை நீட்டுவார்கள். நீங்கள் மேற்கே திரும்புங்கள். அங்கே இருக்கும் தீபஸ் குன்றுகளின் (தீபஸ் என்பது லக்சரின் பழைய பெயர்) சுண்ணாம்புப் பாறை முதலில் ரோஜா நிறமாகி, அப்புறம் பொன்னாகும். சில நிமிடம்தான், வெயில் ஏறியதும் வெளுத்துவிடும். ஹட்செப்சுட் கோயிலும் மெம்னோன் சிலைகளும் கிழக்கு பார்த்தவை என்பதால் முதல் வெளிச்சம் நேராக அவற்றின் முகத்தில் விழும்.

உடை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். முழுக்கால் சட்டை, மூடிய ஷூ, குளிர்காலம் என்றால் ஸ்வெட்டர், தலைக்கு ஒரு தொப்பி. பலூனுக்குள் காற்றைச் சூடாக்கும் பர்னர் தலைக்கு மேலே எரியும்போது உச்சந்தலை சுடும். இறங்குகிற இடம் உழுத வயலாகவும் இருக்கலாம், செருப்பு உதவாது. ட்ரோன் கொண்டு போகவே கூடாது. அனுமதியில்லாமல் எகிப்துக்குள் கொண்டுவந்தால் சுங்கத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். கர்ப்பிணிகளும், முதுகிலோ முழங்காலிலோ அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் ஏற வேண்டாம். உயரம் என்றால் பயம் என்று மட்டும் ஒதுங்காதீர்கள். பலூன் காற்றோடு காற்றாகப் போவதால் ஆட்டமே இருக்காது. பர்னர் நின்ற நேரத்தில் கீழே நாய் குரைப்பது வரை கேட்கும்.

கவனம் வேண்டியது இறங்கும்போதுதான். ஏறும் முன்பே பைலட் ஒத்திகை காட்டுவார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, நாற்காலியில் உட்காருவதுபோல் முழங்காலை மடித்து, கூடைக்கு உள்ளே இருக்கும் கயிற்றுப் பிடியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் வீடியோ எடுக்கிற ஆசையில் கையை வெளியே நீட்டாதீர்கள். கூடை தரையைத் தொட்டு, ஒருமுறை எழும்பி, மறுபடி தொடும். அது நின்றதும் யாராவது ஒருவர் காலைத் தூக்கி வெளியே போடப் பார்ப்பார். எடை குறைந்தால் பலூன் திரும்ப எழும்பிவிடும். ஆட்கள் வந்து கூடையை அழுத்திப் பிடித்து, பைலட் இறங்கச் சொல்லும்வரை அசையக் கூடாது.

அப்புறம், காலை உணவுக்காகக் கிழக்குக் கரை ஓட்டலுக்கு உடனே திரும்பிவிடாதீர்கள். மேற்குக் கரையின் கோயில்களும், அரசர்களின் கல்லறைகள் இருக்கும் அரசர் பள்ளத்தாக்கும் ஆறு மணிக்கே திறந்துவிடும். ஒரு ரொட்டியைக் கடித்துக்கொண்டு நேராக மெம்னோன் சிலைகளிடம் போங்கள். ரோமானியர் காலத்தில் வடக்குச் சிலை விரிசல் விட்டிருந்தது. விடியும் நேரத்தில் அதிலிருந்து ஓர் ஓசை எழும். அதைக் கேட்பதற்கென்றே பயணிகள் கூட்டமாக வந்தார்கள். கி.பி. 130இல் பேரரசன் ஹாட்ரியனும் வந்தான். வந்தவர்கள் "கேட்டேன்" என்று அதன் காலில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் செதுக்கிவைத்த வரிகள் இன்னும் இருக்கின்றன. காலைச் சாய்வெயிலில் அந்த எழுத்துகளைத் தேடிப் பாருங்கள்.